ஃப்ளாஷ் காட்டிய தூரம்

இதைக் கட்டுக்கதை என்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. நடந்தது. பார்த்தவன் நான்.

நான் போலீசுக்குப் படம் எடுப்பவன். அன்று மதியம் கூப்பிட்டார்கள். மெத்தைக் கடைக்காரனின் மனைவி, கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் செத்துக் கிடந்தாள். கடப்பாரையால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஜன்னல் இல்லை. கரண்டும் இல்லை.

புருஷன் எனக்குப் பின்னால் கதவோரம் நின்று அழுதான். திருடன் வேலை என்றான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கழுத்திலோ கையிலோ ஒரு கீறலும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாட்சி கிடையாது. என் படத்தில் ஏதாவது சிக்கினால்தான் அவன் மாட்டுவான். உடலை எடுக்க வண்டி வேறு வந்துவிட்டது.

முதல் படம்... கறுப்பு.

ஃப்ளாஷ் ஆட்டோவில் இருந்தது. வெளிச்சம் எதிலாவது பட்டுப் போதுமான அளவு திரும்பியதும் தானாக அணைந்துவிடும். பின்னால் இருப்பது கறுத்தால், பக்கத்தில் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். எனக்கு முன்னால் வெறும் தரை.

"என்னய்யா, மூடிய கழட்டாமலே எடுக்கறியா?" என்றார் கதவோரம் நின்ற இன்ஸ்பெக்டர்.

கடுப்போடு மேனுவலுக்கு மாற்றினேன்; இனி எது குறுக்கே வந்தாலும் முழு வெளிச்சம் அடிக்கும். ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பர் நாற்பது. உடல் வரை ஐந்து மீட்டர். வகுத்தால் எட்டு. லென்ஸின் துவாரத்தை எட்டில் வைத்தேன்.

சடக்.

சுவரோரம் உடல் தெளிவாக விழுந்திருந்தது. மணிக்கட்டில் கம்பி முறுக்கு வரை. ஆனால் நடுவில்... ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. அப்படியென்றால் அது பாதி வழியில் நிற்கிறது.

சடக்.

வெள்ளை பெரிதாகியிருந்தது. அதற்குத் தலை இருந்தது... ஒரு பக்கம் பிளந்து.

விரல் தானாக அழுத்தியது.

சடக்.

முழு வெள்ளை.

முகத்துக்கு நேராக... ரத்த வாடை.

தோளில் ஒரு இடி. விழுந்தேன். பல் உடைந்தது.

பின்னால் அலறல்.

புருஷனின் கழுத்து கிழிந்துகொண்டிருந்தது. ஒரு கோடு... இன்னொரு கோடு... ரத்தம் கதவில் பீய்ச்சி அடித்தது. இன்ஸ்பெக்டர் வெறும் காற்றைப் பிடித்து இழுத்தார்.

"நான்தான்... நான்தான் அடிச்சேன்... விட்டுடுடி..."

விடவில்லை.

மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவள் நகங்களுக்குள் அவனுடைய கழுத்துத் தோல் இருந்ததாம். பத்து விரலிலும்.

நான் எடுத்த படத்தைக் கேட்டார். காட்டினேன். மணிக்கட்டுக் கம்பியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

கம்பியை அவர்தான் குறடு வைத்து வெட்டி எடுத்தாராம். அதுவரை ஒரு முறுக்குகூட அவிழவில்லை.