மெஷின் ஒரு பையில், பேட்டரி ஒரு பையில்

ரம்பம் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ரம்பம் திரும்பி வந்தால் மட்டும் போதாது, கொண்டுபோனவருடைய விரல்களும் முழுசாகத் திரும்பி வர வேண்டும்.

செஞ்சியில் எங்கள் கடை. பேட்டரியில் ஓடும் ரம்பங்களை வாடகைக்கு விடுகிறோம், ரிப்பேரும் பார்க்கிறோம். வீட்டுக்காரர் வெளிவேலைக்குப் போய்விட்டால் கவுண்டரில் நானும், என் இடுப்பில் ஒன்றரை வயது மகனும். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்கிற எனக்கு இப்படி ஒரு தொழில்! நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள், கேள்வித்தாளின் மேலே இருக்கும் குறிப்புகளை இரண்டு தடவை படிக்காமல் பேனாவைத் தொட விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் மெஷினோடு வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பயம் இன்னும் கூடிவிட்டது. என் கையால் கொடுத்த மெஷினில் யாருக்காவது விரல் போய்விட்டால்? அதனால் ஒரு சட்டம் போட்டேன். மெஷின் ஒரு பையில், பேட்டரி வேறு பையில். வேலை செய்யும் இடத்துக்குப் போய்த்தான் மாட்ட வேண்டும். இப்போது மகன் தூங்கிவிட்டான். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கரண்ட் போன மெஷின்

அவலூர்பேட்டையிலிருந்து வந்த தச்சர் ஒருவர், எடுத்துப் போகும் முன் கடை வாசலிலேயே ஒரு பலகையை அறுத்துப் பார்த்தார். பாதியில் கரண்ட் போய்க் கடை ஃபேன் நின்றது. அவரும் கையைத் தளர்த்தினார், பிளேடும் நின்றது. பல்லில் சிக்கியிருந்த சிராயை எடுக்க விரலை நேராக உள்ளே விட்டார். இன்னொரு கை ஸ்விட்ச் பக்கத்திலேயே இருக்கிறது!

"அண்ணா, பேட்டரி!" என்று நான் போட்ட கூச்சலில் மகன் வீரிட்டான், எதிர் டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே விட்டார். "கரண்ட்தான் இல்லியேம்மா" என்றார் தச்சர். வயர் மெஷினில் ஊறிய பழக்கம். ஊருக்குக் கரண்ட் போனாலும் இதற்குப் போகாது, பிளேடு பக்கம் கை போவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்று விளக்கினேன். நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார். "மெஷினு கடிச்சிருந்தாகூட நான் இவ்ளோ பதறியிருக்க மாட்டேம்மா."

பொட்டு வைத்த இடம்

ஆயுத பூஜை முடிந்த கையோடு அனந்தபுரத்திலிருந்து ஒருவர் தன் சொந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடவில்லையாம். பேட்டரி மாட்டும் இடத்தில் இருக்கிற தகடுகள் மேல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். காற்றுத் துளைகளில் விபூதி. போதாததற்கு ஈரம் வேறு. "கழுவினீங்களா?" என்றேன். "குளிப்பாட்டாம பொட்டு வெப்பாங்களா?" என்றார்.

பேட்டரியைத் தள்ளி வைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி, காய்ந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். தண்ணீரே காட்டக்கூடாது என்று எழுதியிருக்கிற பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "இம்மாம் பெரிய புக்கு போட்டிருக்கான், மெஷினுக்கு நெத்தி எதுன்னு போட்டானா பாரு!"

வெந்த பேட்டரி

சார்ஜ் ஏறவில்லை என்று மரம் வெட்டுகிறவர் ஒருவர் பேட்டரியை நீட்டினார். தொட்டால் தோசைக்கல். மதியமெல்லாம் கோட்டை மலையடியில் பாறை மேல் வைத்துவிட்டு, அந்தச் சூட்டோடு சார்ஜரில் மாட்டியிருக்கிறார். நிழலில் வையுங்கள், ஆறின பிறகு சார்ஜ் போடுங்கள் என்றேன். "இந்த ஊரு வெயில்ல மனுஷனுக்கே ஒதுங்க எடம் இல்ல, இதுக்கு நான் எங்கம்மா நெழலு தேடுவேன்?"

எறும்பு போகும் வரை

மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜ் அண்ணன் சமணக் குடும்பத்து விவசாயி. கிளை கழிக்கச் சின்னச் செயின் ரம்பம் எடுப்பார். கொஞ்ச நேர வேலைக்கு நாள் முழுக்க வைத்திருப்பார். ஏனண்ணா என்று ஒருநாள் கேட்டேன். முதலில் மரத்தைச் சுற்றி வந்து, கிளையில் கூடு இருக்கிறதா, எறும்பு ஓடுகிறதா என்று பார்ப்பாராம். ஓடினால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அவை போகும் வரை காத்திருப்பாராம். கிளை எந்தப் பக்கம் விழும், கால் வைத்த இடம் வழுக்குமா, கீழே யாராவது நிற்கிறார்களா எல்லாம் அதற்குள் பார்த்தாகிவிடுமாம். எல்லோரும் உங்களைப் போல இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்றேன். "நான் எறும்பக் காப்பாத்தறேம்மா, அந்த சாக்குல என் வெரலும் பொழச்சிக்குது."

அரிசி டப்பா

வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் பேட்டரி மாட்டிய மெஷினைத் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மகன் தள்ளாடிப் போய் ஸ்விட்ச்சை அமுக்கிக்கொண்டிருக்கிறான்! பக்கத்துப் பூட்டுப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால்தான் ஓடும் என்பதால் தப்பித்தோம். அவரிடம் சொல்லாமல் பேட்டரியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். அவசரத்தில் மெஷினை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனவர், வேலை நடக்கும் வீட்டிலிருந்து போன் செய்தார். "ஏண்டி, பல் செட்டைக் கழட்டி வெச்சிக்கினு என்னை பந்திக்கு அனுப்பியிருக்கியே!"

கம்பி கட்டிய மூடி

கோதண்டம் மேஸ்திரிக்கு, கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை. எங்களிடம் அதிகமாக மெஷின் எடுப்பவர் அவர்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும், பிளேடின் கீழ் மூடியைக் கட்டுக் கம்பியால் தூக்கிக் கட்டியபடியே மெஷின் திரும்பி வரும். மரத்தை விட்டு பிளேடு வெளியே வந்ததும் தானாக விழுந்து பல்லை மறைக்கிற மூடி அது. "தொந்தரவா இருக்குதும்மா" என்பார். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள், மகனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பி கட்டுகிறவருக்கு மெஷின் கிடையாது என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. "ஊர்ல உன் கடை ஒண்ணுதான் இருக்குதா?" என்று போய்விட்டார்.

அதன் பிறகு அவர் ஆட்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. மெஷின்கள் அலமாரியிலேயே தூங்கின. வீட்டுக்காரர் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காலி கடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இன்னா பண்றது, இனிமே எறும்பப் பாக்கறவர வெச்சே கடைய ஓட்டு."

மேஸ்திரி சம்சாரம்

போன வாரம் ஓர் அம்மாள் வந்து ஒரு கைலியைக் கவுண்டரில் விரித்தார். தொடைப் பக்கம் நீளமாகக் கிழிந்திருந்தது. பின்னால் தலையைக் குனிந்தபடி கோதண்டம் மேஸ்திரி. வேறு கடையில் எடுத்த மெஷினில் மூடியைத் தூக்கிக் கட்டி, அறுத்து முடித்ததும் பிளேடு நிற்பதற்குள் மடியில் வைத்திருக்கிறார். தொடையில் கீறலோடு போயிற்று. அந்த அம்மாளுக்கு ஆத்திரம். "இனிமே இந்தாளு இங்கதான் எடுப்பாரு. வீட்ல நான் ஒருத்தியே கத்திக் கத்தி தொண்டை போச்சு, பாதி நீ கத்து."

ஆக, செஞ்சியில் பயந்து பயந்தே ஒரு தொழிலை நடத்திவிடலாம், அதற்கு நல்ல தொண்டை மட்டும் வேண்டும்.