இருட்டில் படித்த கடைசி வரி

துரைசாமி மாஸ்டர் இறந்த செய்தி கண் பரிசோதனை அறையில்தான் எனக்குக் கிடைத்தது. லைசென்ஸ் புதுப்பிக்க வந்த லாரி டிரைவர் ஒருவர், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, "ஏனுங்க அம்மணி, நம்ம துரைசாமி மாஸ்டர் காலைல தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்குங்களாமா" என்றார். மூடிய கையை எடுக்கவில்லை. மீதி வரிகளையும் படித்து முடித்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் பதினாறு வருடமாகக் கண் பார்க்கிறேன். லாரி, பஸ், வேன் ஓட்டுபவர்கள் மருத்துவச் சான்றுக்கு வருவார்கள். நான் பார்வையை அளந்து படிவத்தில் எழுதுவேன், டாக்டர் கையெழுத்துப் போடுவார். மாஸ்டர் காலையும் மாலையும் நூல் மில் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளின் பஸ்ஸை ஓட்டினார். இடைப்பட்ட நேரத்தில் டிரைவிங் ஸ்கூலில் உங்களுக்கெல்லாம் லாரி, பஸ் போன்ற ஹெவி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த நீங்கள் அஞ்சலி மலர் போடுகிறோம் என்று என்னிடமும் எழுதக் கேட்டபோது, வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு டெஸ்ட் மைதானத்தில் நடந்த அந்த ஒரு கதை போதும். உங்களில் சிலர் நேரில் பார்த்தது. அவருடைய மாணவன் ஒருவன் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து அழகாக நிறுத்திவிட்டான். இன்ஸ்பெக்டர் பாஸ் போடப் போனார். மாஸ்டர் குறுக்கே போய், பையன் ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, வெளியே நின்ற கூட்டாளியின் கையைப் பார்த்துத்தான் ஓட்டினான், பெயில் போடுங்கள் என்றார். தன் மாணவனைத் தானே பெயிலாக்கிய வாத்தியார் கோயமுத்தூர் ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது. பையன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. "பாஸாகறது ஒரு நாளுங்க. ஓட்டறது முப்பது வருசமுங்க" என்று என்னிடம் சொன்னார்.

எங்களிடம் இருந்தது ஆங்கில எழுத்துப் பலகை ஒன்றுதான். தமிழ் மட்டும் படித்த டிரைவர்கள் அதன் முன் நின்று வியர்த்துப்போவார்கள். கண் நன்றாக இருந்தும் எழுத்தின் பெயர் வாயில் வராது. மாஸ்டர் அவர்களை எதிரேயுள்ள பேக்கரிக்கு அழைத்துப்போய், டீ வாங்கிக் கொடுத்து, செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டி எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்பார். எந்த எழுத்து எந்த வரியில் வருகிறது என்று மட்டும் சொல்லவே மாட்டார். வருடக்கணக்கில் என் அறை வாசலில் நின்று கேட்டதில் அந்த வரிசை அவருக்குள்ளேயே ஊறிப்போனது. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவரே லைசென்ஸ் புதுப்பிக்க வந்தார். சர்க்கரைக்காரர். வலது கண்ணில் படித்து முடித்தார். இடது கண்ணில் படிக்கத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் குனிந்து, இரண்டு கண்ணும் நன்றாக இருப்பதாக எழுதிவிட்டேன். அப்போது கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை, கும்மிருட்டு. மாஸ்டர் நிறுத்தவில்லை. கடைசி வரியை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் படித்து முடித்தார்.

செல்போன் வெளிச்சத்தைப் போட்டேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "எதப் பாக்கறேன், எதச் சொல்றேன்னு எனக்கே தெரியலைங்க அம்மணி" என்றார். விரல்களைக் காட்டினேன். இடது கண்ணுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும் என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அவர் வீட்டில் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், மகனுக்கு நிலையான வேலை இல்லை. டாக்டர் என் எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மூன்று மாதம் வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்று ஏதேதோ உளறினேன். அவர் மேசைமேல் இருந்த படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"பின்னால நாப்பது புள்ளைங்க தூங்கிட்டு வருதுங்க அம்மணி. எனக்குப் பயமா இருக்குது. அடிச்சுப்போட்டு உள்ளத எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, நான் சொல்லித்தான் எழுதுனீங்கன்னு ஊட்ல தெரிய வேண்டாம். நானா எறங்குனேன்னா ஆயுசுக்கும் கேப்பாங்க. ஆஸ்பத்திரில எழுதிப்போட்டாங்கன்னா உட்டுருவாங்க."

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து, அடித்துவிட்டு உள்ளதை எழுதினேன்; அவர் வேலை போனது. வீட்டில் விட்டார்கள்தான், அவரை. என்னை விடவில்லை. அவர் மனைவி சரஸ்வதி அக்கா சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் ஒருநாள் வந்து, அப்பாவை மூலையில் உட்கார வைத்துவிட்டீர்களே என்று கத்திவிட்டுப் போனான். உங்களிலும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினீர்கள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தேன். மாஸ்டர் மட்டும் எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். அந்தக் கும்பிடுமேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. துக்க வீட்டில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், ஒரு வரி மாற்றி எழுதியிருந்தால் மனுசன் இன்னும் இருந்திருப்பார் என்று. மாலையைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அவர் போன பிறகும் அவருக்குக் கொடுத்த வாக்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தேன்.

இதை எழுதியதும் முதலில் சரஸ்வதி அக்காவிடம்தான் எடுத்துப்போனேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்ற எண்ணம். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே படித்துக் காட்டினேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பிடியே போட்டுருங்க அம்மணி" என்றார். "நல்லவருன்னு எல்லாரும் எழுதுவாங்க. அவரு பயந்தாருங்கறது எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. எங்கிட்டச் சொல்லாம எப்பிடித்தான் ரெண்டு வருசம் வெச்சிருந்தாரோ."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அவருடைய பொறுமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கற்றுக்கொடுத்த வித்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பயம் போதும். நாளை காலை மறுபடியும் ஒருவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் முன்னால் நிற்பார். அவருக்குப் பயமில்லாவிட்டாலும் எனக்கு இருக்க வேண்டும்.