அக்கரையில் மடங்கும் விரல்கள்

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் தன் இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். சிரிப்பார், "குட் மார்னிங்" சொல்வார். கண் மட்டும் என் வலது கையிலேயே நிற்கும். உணவகத்தில் பாத்திரம் கழுவும்போது உடைந்த கண்ணாடி கிழித்து, தசைநார் அறுந்து, தைத்துக் கட்டிய கை அது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மடங்கவில்லை. கொல்லிமலையில் பிறந்தவனுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. சிறுவயதில் மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் ஒரு கடைமுன் நின்றால், "சில்லறைய மேச மேல வெய்யி" என்பார் கடைக்காரர். கை பட்டுவிடக் கூடாது. கடல் தாண்டி வந்த பிறகும் அதே மேசைதானா என்று அந்த அம்மாளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

உண்மையைக் கேட்டுவந்தவர் என் அறைத்தோழர் செல்வராசண்ணன். எங்கள் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர், இங்கே மோட்டலில் வேலை. யாரிடமும் பேச்சுக் கொடுத்துவிடுவார்.

"அட கண்ணு, அந்தம்மா உன்னயக் கண்டு அருவருக்கலடா. கையப் பழக்கி வுடறதுதான் அதுக்குப் பொழப்பே. பேரு டோனாவாம்."

"அப்பப் பாத்து வுடச் சொல்றதுதானுங்கண்ணா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் தொடலாமாம். இந்தப் பக்கம் தொட்டா லைசென்சு போயிருமாம்."

"வெளையாடாதீங்க."

"ஏஞ்சாமி, நானா சட்டம் போட்டேன்?"

டோனா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சட்டைக்குப் பொத்தான் போட, சீப்புப் பிடிக்க, சோறு பிசைய, அடிபட்ட கைக்கு மறுபடி சொல்லித் தருகிற படிப்பு. குடியிருப்பது என் தெருவில், கென்டக்கியில். லைசென்ஸ் ஆற்றுக்கு அக்கரையில், ஒஹையோவில். அது வேறு மாநிலம், ஒரு மாநிலத்து லைசென்ஸ் இன்னொன்றில் செல்லாது. இங்கேயும் கேட்டு விண்ணப்பித்திருந்தார், மாதக்கணக்கில் பதில் இல்லை. எங்கள் பக்கத்து மருத்துவமனையில் எனக்கு முறை வரவும் மாதங்கள் ஆகும். அதற்குள் தசைநார் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு மடங்காது என்று தைத்த டாக்டரே சொல்லியிருந்தார். அக்கரை மருத்துவமனைக்கோ என் முதலாளியின் காப்பீடு வராது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். போர்வெல் லாரியில் வடக்கே எத்தனையோ மாநிலம் சுற்றினேன், கப்பலில் சமைத்தேன், எங்கெங்கோ அலைந்து இங்கே வந்தேன். பாத்திரம் கழுவ எந்த மாநிலமும் என்னிடம் லைசென்ஸ் கேட்டதில்லை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; தேவனூர் நாட்டிலிருந்து குண்டனி நாட்டுக்கு மிளகு பறிக்கப் போனபோதும் எல்லையில் யாரும் மறித்ததில்லை. ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் என் அக்கா வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து கிடந்தபோது நர்சம்மா மேலே வரவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கேட்டதற்கு, "ரோடு இல்லீங்களே, எப்பிடி வாரது?" என்றார். அந்தப் பதிலையாவது விழுங்க முடிந்தது. இங்கே ரோடு இருக்கிறது, பாலம் இருக்கிறது, வைத்தியம் தெரிந்தவர் நான்கு வீடு தள்ளித் தூங்குகிறார். ஆனாலும் நோயாளியைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கடைசியில் டோனாதான் தூக்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் காரில் என்னை ஏற்றிப் பாலம் கடந்து, அக்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். உட்கார்ந்த பிறகுதான் கோட்டுப் பையிலிருந்து கைகள் வெளியே வந்தன. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். இந்தக் கையால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சாப்பிட வேண்டும் என்றேன். மறுவாரம் தடித்த பிடி வைத்த ஸ்பூன் ஒன்றை ஆசையாக நீட்டினார். வேண்டாம் என்றேன். இப்போதே பசிக்கிறது போலும் என்று பையிலிருந்து பிஸ்கட் எடுத்தார். அதற்கு அடுத்த வாரம் செல்வராசண்ணனைக் கிண்டச் சொல்லி ராகிக்களி கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். இடது கையால் பிட்டுக் காட்டி, வலது கையைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. களியை அழுத்தச் சொன்னார், உருட்டச் சொன்னார், கட்டைவிரலைத் தானே வளைத்துப் பிடித்தார். வலியில் உயிர் போனது. அன்று ஒரு சிறு உருண்டை என் வாய்வரை வந்தது. ஆற்றுக்கு அப்பால் நான் குடியிருக்கும் வீட்டின் கூரை தெரிந்தது. அங்கே இதைச் செய்திருந்தால் இந்த அம்மாள் குற்றவாளி.

திரும்பும்போது காரில் என் மடியிலிருந்த கையைப் பார்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மடக்கு, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தில், கென்டக்கி வரவேற்கிறது என்ற பலகை தெரிந்ததும் பேச்சு நின்றது. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பாதி மடங்கிய விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, நான் என் மாநிலத்துக்குள் நுழைந்தேன்.