பெயர் வைத்து வளர்த்த எலிகள்

குடிக்காதவனுக்கும் ஈரலில் கொழுப்புப் படியும் என்று டொக்டர் சொன்னதை என் மனைவி இன்னும் நம்பவில்லை. கொழும்பில் கிளினிக் முடித்து மன்னார் பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தடித்த கண்ணாடி போட்ட அம்மாவிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன்.

அவர் உற்சாகமாகிவிட்டார். ஆய்வுகூடத்தில் எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டு இதே ஈரல் வருத்தத்தை வரவழைத்து, புது மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலையாம்.

“சுகம் வருதோ?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“சிலதுக்கு வருது தம்பி. வெட்டி ஈரலைப் பார்த்தால் தெரியும்.”

“சுகம் வந்ததையும் வெட்டுவியளோ?”

“ஓம். வெட்டாமல் சுகம் வந்தது எப்பிடித் தெரியும்?”

“பாவமில்லையோ?”

“பாவந்தான். அதுதான் ஒவ்வொண்டையும் பேர் வைச்சுக் கூப்பிடுறனான். இப்ப நல்லாக் கொழுத்து நிக்கிறதுக்கு எங்கட பங்குச் சுவாமியின்ர பேர்.” சொல்லிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

முருங்கனில் இறங்கும்போது என் பெயரைக் கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“நல்ல பேர்,” என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

அந்தப் பெயரில் ஓர் எலி கொழுத்ததா, அதற்குச் சுகம் வந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் கோயிலில் என் ஈரலுக்காக மன்றாடும்போதெல்லாம் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.