நாலு ஜிபிக்குள் ஒரு கடை

கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிதில் எனக்கு மலையாளம் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பஸ்ஸில் போர்டைப் பார்த்து ஏற முடியாத ஊரில் தமிழில் எம்.ஏ. படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும்? சாலை என்கிற கடைத்தெருவில் இருந்த மாமனாரின் இரும்புக் கடையில் ஒரு மூலை கிடைத்தது. ஆணி மூட்டைகளை ஒதுக்கி, ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் வைத்து, தமிழில் டைப் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். சாலையிலும் ஆரியசாலையிலும் உள்ள தமிழ் வியாபாரிகளின் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கருமாதிக் கார்டு எல்லாம் என்னிடம் வந்தன. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நான்தான். வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அந்த மூலையில் மட்டும் பெரிய பெரிய மனிதர்கள், "சந்திப்பிழை இருக்கா பாத்துக்கோங்க" என்று பவ்யமாக நிற்பார்கள்.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும். ஓடலைன்னா அந்த எடத்துல சரக்கு வச்சுக்கலாம்," என்று மாமா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான். நல்லவர்களின் பேச்சில்தான் எனக்கு எப்போதும் பயம்.

மூன்றாவது வருடம் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்ட ஆரம்பித்தது. டிஸ்க் போனால் வேறு போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் என் தமிழ் மென்பொருள்? அது ஒரு ஃபிளாப்பியில் வந்தது. ஒரு தடவைதான் ஏற்ற முடியும் என்று பூட்டு வைத்த ஃபிளாப்பி. விற்றவர் பாளையங்கோட்டையில் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். ஃபிளாப்பியும் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆக, அந்த மென்பொருளுக்கு உலகத்தில் ஒரே வீடு அந்தத் தட்டுகிற டிஸ்க்தான். உள்ளே இருக்கும் விண்டோஸை அப்படியே, ஒரு அசைவு இல்லாமல், இன்னொரு டிஸ்குக்குத் தூக்கி வைத்தால்தான் பிழைக்கும்.

என் கணவர் இன்னொரு டிஸ்க் கொண்டுவந்தார். அவருடைய நண்பரின் ஆபீஸில் கழித்துப்போட்டது. பழையது இருபது ஜிபி, வந்தது நாலு ஜிபி. "கொழப்பம் இல்ல, இது போதும்," என்றார். அவருக்கு எதிலும் குழப்பம் இல்லை. அதுதான் அவருடைய வியாதி.

பெரிய டிஸ்கிலிருந்து சின்னதற்குப் போக வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருப்பதைக் குறைக்க வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து அழித்தேன். கணவர் ஏற்றிவைத்த பாட்டுகளை முதலில் அழித்தேன், சந்தோஷமாகவே. பிறகு பழைய பத்திரிகைகள். எத்தனை மணமக்கள், எத்தனை சுற்றமும் நட்பும்! அதன்பின் நான் எனக்காக எழுதிவைத்திருந்த சில பக்கங்கள். அவற்றை யாரும் படித்ததில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றரை ஜிபிக்கு வந்து நின்றது.

துர்காஷ்டமி அன்று காலை கம்ப்யூட்டர் சுலபத்தில் எழவில்லை. பலமுறை முயன்று, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் எழுந்தது. ரிப்பேர் செய்கிற பையன் வந்து காதை வைத்துக் கேட்டான். "ஓஃப் ஆக்கல்லே சேச்சி. இனி ஓஃப் ஆக்கியா பின்னெ ஓணாவில்லா," என்றான். இனி அணைத்தால் எழாது. பகல் முழுக்க உட்கார்ந்து, பழைய டிஸ்கின் பார்ட்டிஷனை நாலு ஜிபிக்குள் சுருக்கி, கணவர் முன்பே உள்ளே மாட்டியிருந்த சின்ன டிஸ்குக்கு நகல் எடுக்கிற புரோகிராமைத் தயார் செய்துவிட்டுப் போனான். கெட்டுப்போன இடங்களில் எல்லாம் நின்று நின்று படிக்கும், அதனால் விடிய விடிய ஓடும் என்றும் சொன்னான்.

அன்று மாலைதான் பூஜை வைப்பு. எங்கள் குடும்பத்தில் இரண்டு ஊர் வழக்கமும் உண்டு. மலையாளத்துக்காரர்களைப் போல அஷ்டமி மாலையே தொழில் சாமான்களைப் பூஜைக்கு வைத்துவிடுவோம். திருநெல்வேலிக்காரர்களைப் போல நவமிக்குப் பொரிகடலையும் உண்டு. விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. தராசு, படிக்கல், டேப் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. அடுத்தது என் கம்ப்யூட்டர்.

நான் மாமாவிடம் கெஞ்சினேன். "மாமா, இதை மட்டும் அணைக்க வேண்டாம். அணைச்சா என் வேலையே போயிரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாரமில்ல மோளே, பரவால்ல. நீ தொடாம இருந்தா போதும். அது தன்பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கட்டும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நகலை ஓடவிட்டேன். ஒரு சதவீதம் என்று காட்டியது. மானிட்டரை மட்டும் அணைத்து, பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, மாமியாருடன் சுண்டல் வேலைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆண்கள் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். மாமா சாவி போட்ட மஞ்சப்பையைப் பூஜை அறையில் சரஸ்வதி படத்துக்குக் கீழே வைத்தார்.

அந்த நவமியில் நான் கும்பிட்டதைப் போல எப்போதும் கும்பிட்டதில்லை. இருபது சதவீதம் ஆகியிருக்கும், ஐம்பது ஆகியிருக்கும், இப்போது முடிந்திருக்கும் என்று மனதில் ஓட்டிக்கொண்டே விளக்கேற்றினேன். வருஷக்கணக்கில் இல்லாத நம்பிக்கை அந்த ஒரு நாள் வந்தது.

விஜயதசமி காலை எல்லோரும் கடைக்குப் போனோம். மாமா மஞ்சப்பையிலிருந்து சாவியை எடுத்து ஷட்டரை ஏற்றினார். உள்ளே இருட்டு. பிறகு அதே பையில் கையை விட்டு ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து மெயின் பெட்டியில் சொருகினார். விளக்கு எரிந்தது.

அது ஃபியூஸ் கட்டை. சாலையில் ஒரு கடை தீப்பிடித்தால் வரிசையே போய்விடும் என்று, பூட்டும்போது ஃபியூஸைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கமாம். நான் தினமும் ஐந்து மணிக்கே சமையலுக்குப் போய்விடுகிறவள். எனக்கு எப்படித் தெரியும்? சரஸ்வதிக்கு முன்னால் வைத்து நான் கும்பிட்டதில் அதுவும் இருந்திருக்கிறது.

எதிர்க் கடைச் சுண்ணாம்புக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணைக்கு நீங்க போன பொறவு உள்ள என்னமோ கீ கீன்னு கரஞ்சிட்டே இருந்துது. எலியாக்கும்னு விட்டுட்டேன்." அது என் யூபிஎஸ், கரண்ட் இல்லை என்று கத்தியிருக்கிறது.

சுவிட்சைப் போட்டேன். பழைய டிஸ்கில் தட்டுகிற சத்தம்கூட இல்லை. தட்டிப் பார்த்தேன், கும்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சின்ன டிஸ்கில் பாதிகூட வராத நகல். திரை ஒரு வரி எழுதிவிட்டு நின்றது, அதுவும் இங்கிலீஷில்.

மாமா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கை தன்னால போயிருச்சு மோளே," என்றார். அவர் மேல் எரிந்து விழவேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தேன்.

பூஜை எடுத்ததும் அவரவர் தொழிலைக் கொஞ்சம் செய்ய வேண்டும். மாமா தராசில் ஒரு கை ஆணி நிறுத்தார். கணவர் கயிறு அளந்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒற்றை வரிக்கு முன்னால் கீபோர்டில் தட்டினேன். ஒரு முழுக் கல்யாணப் பத்திரிகை, நிகழும் மங்களகரமான என்பதில் தொடங்கி சுற்றமும் நட்பும் வரை. திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை.

தட்டி முடித்து எழுந்தேன். "இந்த எடத்துல சரக்கு வச்சுக்கிடுங்க மாமா," என்றேன்.

வேண்டாம் என்று சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் சொல்லவில்லை.