சாமுவேலுக்குப் பூசிய சுண்ணாம்பு

கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் முதலில் வருவது சத்தம்தான். அடுப்பே இல்லாமல் பழைய மண்ணெண்ணெய் டின்னுக்குள் தண்ணீர் குமுறிக் கொதிக்கும். பிறகு எழும்பும் ஆவி மூக்கின் உட்புறத்தைச் சுரண்டும், கண்ணில் நீர் கட்டும். உயிர்த்தெழுந்த ஞாயிறு என்றால் மற்றவர்களுக்குப் புதுத்துணியும் கேக்கும் நினைவுக்கு வரலாம். எனக்கு இன்றும் அந்த நெடிதான் முதலில் வருகிறது, அதன் பின்னாலேயே அம்மாவின் வெடித்த விரல்கள்.

போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, வளைவுகளெல்லாம் முடிந்து, கடைப் பலகைகளில் தமிழ் குறைந்து மலையாளம் தொடங்குகிற இடத்தையும் தாண்டிப் போனால் நாங்கள் இருந்த ஏலத்தோட்டம் வரும். அப்பா காய் உலர்த்தும் ஸ்டோரில் மூட்டை தூக்கினார். அம்மா காட்டுக்குள் களை எடுத்தாள், காய் எடுத்தாள். தோட்டத்து வீடுகளை "லயம்" என்போம். லயத்தில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எங்களைப் போல வேதக்காரக் குடும்பங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். எங்களுக்கென்று தகரம் வேய்ந்த ஒரு சின்ன ஆலயமும், அதைக் கவனித்துக்கொள்ள ஓர் உபதேசியாரும் உண்டு. போதகர் போடியிலிருந்து மாதம் ஒருமுறை, ஜீப்பில் இடம் கிடைத்தால் வருவார்.

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம், மலையில் காய்ந்த காலம். காய் எடுப்பு முடிந்திருக்கும். ஏலத்தட்டைகள் மஞ்சளடித்து நிற்கும், தரையெங்கும் சருகு மிதிபடும். நிழலுக்கு விட்டிருக்கும் முருக்கு மரங்கள் மட்டும் இலையை உதிர்த்துவிட்டு, ஊருக்கே சம்பந்தமில்லாத ஒரு சிவப்பில் பூத்து நிற்கும். அந்த நாட்களில் ஆளுக்கொன்றை விடவேண்டும் என்பது எங்கள் சபையின் வழக்கம். அப்பா பீடியை விடுவார். அம்மா பாலில்லாத கட்டஞ்சாயாவை விடுவாள். குளிரில் வேலை செய்கிறவர்களுக்குச் சாயாவை விடுவது சோற்றை விடுவதைவிடக் கொடுமை. முதல் வாரம் முழுக்கத் தலைவலியோடு எல்லோர் மேலும் எரிந்து விழுவாள். "ஆண்டவருக்காக விட்டுட்டு எங்க உசுரையில்ல வாங்குறா" என்று அப்பா வெளியே போய் நின்றுகொள்வார்.

நான் இரண்டாம் வகுப்பு போன வருடம் எங்கள் வீட்டு லெந்து மாறிப்போனது. எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், எழுத்தை எழுத்தாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு தானாக நிமிரும்; அதற்காக வெட்கப்பட எனக்குத் தெரியாது. அதுவரை மாலை ஜெபத்தில் அம்மா மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் வேதப்புத்தகத்தை என் மடியில் வைத்து, சிம்னி விளக்கைப் பக்கத்தில் தள்ளினாள். நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். படிக்கத் தெரியாத அவள் என்னைத் திருத்துவாள். "அப்படியில்ல ஆத்தா, உபதேசியார் வேற மாதிரி வாசிச்சாரு. திரும்பப் பாரு." திரும்பப் பார்த்தால் அவள் சொன்னதே சரியாக இருக்கும். ஆனாலும் அவள் முகத்தில் தெரிந்தது திருத்திவிட்ட பெருமை அல்ல, என் வாயிலிருந்து எழுத்து வருகிறதே என்ற ஆச்சரியம்தான்.

கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். ஜீப்பின் முதுகு, சாக்குப்பை, தீப்பெட்டி, ஆலயத்தில் அன்றைய பாட்டுகளை எழுதிவைக்கும் பாட்டுப் பலகை. அடுத்த வீட்டு ரெபேக்கா அத்தை அம்மாவோடு ஒரே வரிசையில் காய் எடுப்பவள். வாய் ஓயாதவள். என்னைக் கண்டால், "ஏய் வாத்தியாரம்மா, எந்தலையில ஆண்டவரு என்ன எழுதி வச்சிருக்காருன்னு வாசி பாப்போம்" என்று முக்காட்டை விலக்கித் தலையைக் குனிந்து காட்டுவாள். நான் தீவிரமாகப் பார்த்துவிட்டு, "பேன் இருக்கு அத்த" என்பேன். லயமே சிரிக்கும்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். சாமுவேல் என்று ஞானஸ்நானம் பெற்று, தவழ்வதற்கு முன்பே இறந்துபோனான். அடைமழைக் காலம் அது. அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்போதிருந்த உபதேசியாரும் அப்பாவும்தான் பிள்ளையைத் தூக்கிப் போய், தோட்டத்துச் சரிவில் எங்கள் ஆட்களுக்கென்று விட்டிருந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த உபதேசியார் அடுத்த வசந்தத்துக்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா எழுந்து நடமாடி, உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையில் முதன்முறையாக அங்கே போனபோது, பூத்து நின்ற முருக்கு மரத்தடியில், தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்த சின்ன மேட்டை அப்பா காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து வருடந்தோறும் அந்தச் சனிக்கிழமையில் அதற்குச் சுண்ணாம்பு பூசுவது எங்கள் வீட்டுக் கடமை. மறுநாள் விடியலுக்கு முன் சபையார் எல்லோரும் பாடிக்கொண்டே கல்லறைக்குப் போவோம். அவரவர் தங்கள் ஆளின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்க, அங்கேயே ஆராதனை நடக்கும். அந்த ஒரு விடியல்தான் அம்மாவுக்கு வருடம். மகனுக்குப் பக்கத்தில் கையில் வெளிச்சத்தோடு நிற்பதற்காகவே மற்ற நாட்களைத் தள்ளுகிறவள்போல இருப்பாள்.

நான் வாசிக்கப் பழகிய வருடத்துச் சனிக்கிழமையிலும் டின்னை அப்பா சுமந்து வந்தார். அடித்து நார் பிரித்த தென்னை மட்டைதான் சுண்ணாம்பு பூசும் தூரிகை. போன வருடத்துச் சுண்ணாம்பு மழையில் பொரிந்து நின்றதால், அதைச் சுரண்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சுரண்டச் சுரண்டக் கல்லில் பள்ளமான கோடுகள் தெரிந்தன. கோடுகளுக்குள் பழைய வெள்ளை இறுகிக் கிடந்தது. நான் நகத்தால் நோண்டினேன். எனக்கு வளைவு தெரிந்தது, நேர்கோடு தெரிந்தது, புள்ளி தெரிந்தது. வாசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. சத்தமாக, பாட்டுப் பலகையை வாசிக்கிற அதே குரலில் வாசித்தேன்.

"எ... ஸ்... த... ர். எஸ்தர். அம்மா, எஸ்தர்னு எழுதியிருக்கு!"

அம்மா மட்டையை டின்னில் நனைத்துக்கொண்டிருந்தாள். "கொத்துன தடம் ஆத்தா அது. கல்லு ஒடைக்கயில உளி பட்டிருக்கும்" என்றாள். வருடந்தோறும் அவள் விரல் அந்தப் பள்ளங்களுக்குள் சுண்ணாம்பை அடைத்திருக்கிறது. அப்பாவும் பார்த்திருக்கிறார். எழுத்தென்று ஒன்று இருக்குமென இருவருக்கும் தோன்றியதே இல்லை. நான் விடவில்லை, குச்சியால் மண்ணில் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டினேன். அம்மா மண்ணைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டும் ஒன்றுபோல இருப்பது கண்ணுக்குத் தெரியுமே.

"இந்தக் கல்லை நீங்கதான நட்டீக?" என்றாள் அப்பாவிடம்.

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "நான் சுத்தித்தான் கல்லு அடுக்குனேன். தலைமாட்டுக் கல்லு உபதேசியார் பெறகு வந்து நட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

"எம்புள்ளைய எங்க வச்சீக?"

"முருக்கு மரத்தடியிலதான் வச்சேன். மழ. மேக்க கெழக்க ஒண்ணும் தெரியல. மரத்தப் புடிச்சேன், கையில முள்ளு குத்துச்சு. முருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

பக்கத்தில் தன் மாமியாரின் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ரெபேக்கா அத்தைதான் மெதுவாக எழுந்து வந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் வாயில் கேலி இல்லை. "அண்ணே, முருக்கு ரெண்டுல்ல நின்னுச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ நின்னது அந்த மழக்காத்துலயே சாஞ்சு போச்சு. பெறகுதான அங்கிட்டு ரெண்டு வரிசை புதுசா ஏலத்தூரு வச்சாக" என்றாள்.

எங்கள் கல்லறைக்கு வேலி கிடையாது. ஏலக்காடு ஒவ்வொரு நடவிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்திருந்தது, அதை யாரும் கேட்டதில்லை. அப்பா வரிசைக்குள் புகுந்து தட்டைகளை விலக்கிச் சருகை வாரினார். கரையான் தின்ற அடிமரம் ஒன்று கிடைத்தது. அதன் பட்டையைப் பிய்த்துக் கையில் வைத்துப் பார்த்தார். உதிராமல் மிச்சமிருந்த முள்ளின் மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். அடுக்கிய கல் ஒன்றும் கிடைக்கவில்லை. குழி தோண்டி நட்டவர்கள் அதையெல்லாம் எங்கே எறிந்தார்களோ.

அம்மா அந்த அடிமரத்தை ஒட்டி நின்ற ஏலத்தூரைப் பார்த்தபடி இருந்தாள். ஏலக்காய், செடியின் அடியில், மண்ணோடு மண்ணாக ஓடும் சரத்தில்தான் காய்க்கும். எடுப்பதற்குத் தரையில் குந்தவேண்டும். "இது நம்ம வரிச, ரெபேக்கா" என்றாள். பிறகு, "இது மேலதான் ஒக்காந்து காயெடுத்தேன்" என்றாள். ரெபேக்கா அத்தை அவளைப் பிடிக்கப் போனாள், அம்மா பிடிக்கவிடவில்லை. திரும்பி வந்து, டின்னில் ஆறிக்கொண்டிருந்த சுண்ணாம்பை எடுத்து, எஸ்தர் கல்லுக்கு முழுதாகப் பூசி முடித்தாள். எழுத்துக்குள் மட்டும் சுண்ணாம்பை விடவில்லை. எஸ்தர் யாருடைய பிள்ளை என்று லயத்தில் யாரைக் கேட்டும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் வேலை செய்து, போன இடம் தெரியாமல் போன யாரோ.

விடியலில் மெழுகுவர்த்தியோடு எங்கே நிற்பது என்பதே அன்று மாலை முழுக்க அம்மாவுக்குக் கேள்வி. ஏலக்காட்டுக்குள் ஏற்றிக்கொள்ள அனுமதி கேட்டு, தீக்காவலுக்கு இருந்த மலையாள வாட்சரிடம் போனாள். "தீ பாடில்ல சேச்சி" என்றார் அவர். தீயே கூடாது, சருகு இருக்கிற இருப்பில் ஒரு பொறி போதும், மலையே போய்விடும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது நியாயமும்தான். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் இருட்டோடு புறப்பட்டோம். கல்லறையை அடைந்ததும் அம்மா தன் மெழுகுவர்த்தியை ஏற்றி என் கையில் கொடுத்து, எஸ்தர் கல்லருகில் என்னை நிறுத்தினாள். "இந்தப் புள்ளைக்கு ஆளில்ல. நீ நில்லு." பிறகு வெறுங்கையோடு சரிவில் இறங்கி ஏலக்காட்டுக்குள் போனாள். சருகு மிதிபடும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டு நின்றது. அப்பா பாதி வழியில், இரண்டு பக்கமும் சேராமல் நின்றார். உபதேசியார், கல்லறைக்கு வந்த பெண்கள் தாங்கள் தேடி வந்தவரை அங்கே காணாத பகுதியை வாசித்தார். சந்தோஷமாகத்தான் வாசித்தார், எல்லோரும் சந்தோஷமாகத்தான் பாடினார்கள். மெழுகு என் புறங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வெளிச்சத்துக்குள் நின்றதால், அம்மா நின்ற பக்கம் எனக்குக் கறுப்பாக மட்டுமே தெரிந்தது. பாட்டு முடிந்து, ஆசீர்வாதம் முடிந்து, வெளுத்த பிறகும் அவள் மேலே வரவில்லை.

வாசித்திருக்க வேண்டாமே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒருத்தி சொல்ல வாயெடுத்தபோது அம்மா மறித்தாள். "வாசிக்கத்தான அவள அனுப்புனேன். எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா முதல் வருசமே தெரிஞ்சிருக்கும்ல." அடுத்த ஜூனில் என்னைப் போடிக்குக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்தாள். ஜீப்பில் என் பக்கத்தில் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த வருடத்திலிருந்து அவள் ஜெபத்தில் எஸ்தர் பெயர் முதலிலும் சாமுவேல் பெயர் அடுத்தும் வந்தது. மற்றபடி, பாட மட்டும் மாட்டாள்; பாட்டு வரும்போது உதடு மூடியிருக்கும். விசுவாசத்தில் வளர்வது என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் நான் அந்த மூடிய உதட்டை நினைத்துக்கொள்வேன். வளர்ச்சிக்கு அப்படியும் ஒரு முகம் உண்டு. கேட்டது கிடைக்காமலே, கேட்பதை நிறுத்தாமல் இருப்பது. அது எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை. ஆனால் அதைத் தவிர நான் பார்த்த பக்தி வேறில்லை.

இப்போது நான் தமிழ் முதுகலை முடித்து ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அப்பாவும் அம்மாவும் போடியில் என்னோடு இருக்கிறார்கள். போன வருடம் தனியாக மலைக்குப் போய்ப் பார்த்தேன். தோட்டம் கைமாறிவிட்டது. லயம் இடிந்து, வேலைக்காரர்கள் போடியிலிருந்தே ஜீப்பில் போய்வருகிறார்கள். ஆலயத்தின் தகரம் இல்லை, சுவரில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கல்லறைச் சரிவு முழுக்க ஏலம். மேலே நின்ற முருக்கும் இல்லை. எஸ்தர் கல்லைத் தேடிக் காவலாளி அவசரப்படுத்தும்வரை தட்டைகளை விலக்கிக்கொண்டிருந்தேன். கல்லில் நான் முதன்முதலாக வாசித்த பெயர் அது. கிடைக்கவில்லை. அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது, அவள் கேட்டது ஒன்றுதான்: சருகு நிறையக் கிடக்குதா?

இந்த வருடம் உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியலில் போடி ஆலயத்து வளாகத்தில் நின்றோம். ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து அடுத்தவர் ஏற்றிக்கொள்ள, வெளிச்சம் வரிசையாக வந்தது. எனக்கு வந்தது, நான் ஏற்றிக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன். அவள் தன் மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இளம்பெண், பாட்டிக்கு நடுக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, தன் சுடரை நீட்டினாள்.

"வேணாம்மா" என்றாள் அம்மா. "அங்க சருகு காஞ்சு கெடக்கும்."