தையல் மெசினுக்குச் சாட்சி சொல்ல லண்டன் போனேன்

லண்டன் போகிறவர்கள் பெரிய மணிக்கூட்டையும் அரண்மனையையும் பார்க்கப் போவார்கள். நான் 1994 மார்ச்சில் பாரிசிலிருந்து போனது, சேலை கட்டிய ஒரு பெண்ணால் சைக்கிளில் தையல் மெசின் ஏற்றிக்கொண்டு இருபத்தைந்து மைல் போக முடியும் என்று சத்தியம் செய்வதற்கு. அகதி வழக்கில் சாட்சி சொல்ல நாடு விட்டு நாடு போகிற யாருக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வழக்கு என் தோழி மலருடையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு தையல் நிலையம் நடத்தினோம். பாதிப்பேருடைய புருஷன்மாரை ஆமி பிடித்திருந்தது. மீதிப்பேருடைய ஆட்களை, ஊரைக் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கம் கொண்டுபோயிருந்தது. தைக்கும்போது வாய் சும்மா இருக்குமா? எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இரண்டு பக்கத்தையும் கேட்கப் போனோம். ஒருநாள் தோளில் துவக்கோடு இயக்கப் பொடியன் ஒருவன் வந்தான். எங்கள் கடைசித் தம்பியின் வயதுதான் இருக்கும். "அக்காமார், தைக்கிற இடத்தில தைக்கிற வேலையை மட்டும் பாருங்கோ" என்றான். அடுத்த கிழமை கதவில் இயக்கத்தின் பூட்டுத் தொங்கியது.

அந்தப் பூட்டைப் பார்த்த பிறகு நான் பிரான்சுக்கு வந்துவிட்டேன். மலர் நின்றாள். தன் வீட்டிலேயே பெண்களைக் கூட்டினாள். ஆமியின் ஷெல் அந்த வீட்டை உடைத்தது. இயக்கமோ அவளை விசாரணைக்கு வரச் சொன்னது. இயக்கத்தின் பாஸ் இல்லாமல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற முடியாத காலம். மலர் தன் மெசினைச் சைக்கிளில் கட்டி, வழியில் மறித்தவர்களுக்கெல்லாம் "திருத்தக் கொண்டுபோறன்" என்று சொல்லிக் கிளாலிக் கரைக்குப் போய், மெசினையே கூலியாகக் கொடுத்து ஒரு மீனவருடைய வள்ளத்தில் ஏறினாள். அக்கரை போய், ஒருவழியாகத் தன் அக்கா இருந்த லண்டனுக்கு வந்து சேர்ந்தாள்.

லண்டனில் அவளுடைய மனுவை நிராகரித்தவர்கள் இதை நம்பவில்லை. சேலை கட்டிய பெண் தனியாக அவ்வளவு பாரத்தோடு அவ்வளவு தூரம் போயிருக்க முடியாதாம். மேல்முறையீடும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலர் இதையெல்லாம் எழுதிய கடிதத்தை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தில் நானே சைக்கிளில் லண்டன் போயிருப்பேன்.

போனது பஸ்ஸில். போக வர நானூறு பிராங்குக்குக் கொஞ்சம் கூட. காலை ஒன்பதுக்கு ஏறி, கலே துறைமுகத்தில் கப்பலுக்குள் பஸ்ஸோடு நுழைந்து, ஒன்றரை மணி நேரம் கடலில் ஆடி, டோவரில் இறங்கினோம். எதற்கு வந்தாய் என்று அதிகாரி கேட்டதும் பதற்றத்தில் சாட்சி என்பதற்கு இங்கிலீஷ் சொல் மறந்துபோய் "சூயிங் மெசின்" என்றேன். விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அரைமணி நேரம் இருத்திவைத்தார். சாட்சிக்கு அழைத்த வக்கீலின் கடிதத்தை என்னைப்போலப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

விக்டோரியாவிலிருந்து கிரீன் பார்க், அங்கிருந்து பிக்கடிலி லைன். மலர் இருந்தது ரெயினர்ஸ் லேனில். எல்லாப் பிக்கடிலி ரெயிலும் அங்கே போகாது. நான் ஹீத்ரோ ரெயிலில் ஏறி ஹவுன்ஸ்லோ வரை போய்த் திரும்பினேன். முன்னால் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள்.

மலர் தன் அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவின் புருஷனைக் கலியாண வீடியோ எடுப்பவராக அந்தப் பகுதித் தமிழர் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவர் அத்தான்தான். சோறு போட்ட கையோடு சொன்னார்:

"பிள்ளையள், ஆமியை மட்டும் சொல்லுங்கோ. இயக்கத்தைப் பற்றி ஒண்டும் கதையாதேங்கோ. இஞ்ச கலியாண ஹோலுகள், கடையள் எல்லாம் ஆற்ற கையில எண்டு தெரியும்தானே? நாளைக்கு என்னை ஒரு கலியாணத்துக்கும் கூப்பிடமாட்டினம்."

"அத்தான், குண்டு போட்டது ஆமி, ஓம். பூட்டுப் போட்டது ஆர்?" என்றாள் மலர். அவர் கையைக் கழுவ எழுந்து போய்விட்டார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் எனக்கும் பாரிசில் இருந்தது.

ஆனால் சைக்கிள் விஷயத்தில் அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. "ஏலாதாமோ? எடுத்துக் காட்டுவம்" என்று கமராவைத் தூக்கினார். ஞாயிறு காலை பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். பழைய பெண்கள் சைக்கிள் ஒன்றும், அக்காவின் இரும்பு மெசினும். அத்தான் நைலோன் கயிற்றால் கட்டினார். மலர் தள்ளிய முதல் அடியிலேயே மெசின் சரிந்தது. "கயிறு இழுபடாது அத்தான், ரியூப் வேணும்" என்று அவள் பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி, மெசினைக் கோதுமை மாச்சாக்கில் சுற்றி இறுக்கினாள். பெற்றோல் இல்லாத ஊரில் விறகு முதல் நோயாளி வரை அப்படித்தான் போனது. சேலைக் கொய்யகத்தைத் தூக்கிச் செருகி, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றையும் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

பூங்காவை அவள் எட்டுத் தரம் சுற்றினாள். நாயோடு வந்த வெள்ளைக்காரர் நின்று கைதட்டினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று வீடியோவில் பார்த்தாலும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை. சின்ன அறை, மேசையில் ரீவி. அத்தான் பழக்கதோஷத்தில் படத்தின் தொடக்கத்தில் ரோசாப்பூ விரிய விட்டு, இதய வடிவத்துக்குள் மலரின் முகத்தைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வக்கீல் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி வாய்க்குள் சிரித்தார். பிறகு சைக்கிள் வந்தது, சிரிப்பு நின்றது. மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். நானும் எழுந்து, ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் மெசின் கொண்டுபோனோம் என்றேன்.

அதன் பிறகுதான் நீதிபதியிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. யாருக்குப் பயந்து ஓடினாய்? மலர் தமிழில் ஆமியையும் சொன்னாள், இயக்கத்தையும் சொன்னாள். மொழிபெயர்த்தவர் எங்கள் ஊர்ப்பக்கத் தமிழர்தான். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். ஆமியைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மற்றதைச் "சில ஆட்கள்" என்று மெதுவாக விழுங்கினார். பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அத்தான் எழுந்து நின்றார்.

"சேர், ஷீ டிட் நொட் சே தட்."

நீதிபதி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, மலரைப் பார்த்து மறுபடி கேட்டார். அவள் மொழிபெயர்ப்பாளரை நோக்கவே இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தானே சொன்னாள்:

"ஆமி, பொம். மூவ்மென்ற், லொக். போத், சேர். போத்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அன்று அவள் நின்ற நிலையை நான் எந்த அரண்மனைக்கும் மாற்றமாட்டேன்.

தீர்ப்பு சில கிழமைகள் கழித்து வந்தது. பாரிசில் தொலைபேசியை எடுத்தால் மலர் பேசவில்லை, கத்தினாள். "வெண்டிட்டம்! எடியே, வெண்டிட்டம்!" அந்த வருடம் அத்தானுக்குச் சில கலியாணங்கள் தவறின. கேட்டால், "விடு பிள்ளை, குஜராத்திக் கலியாணங்களில சாப்பாடும் திறம்" என்பார்.

சாட்சிக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். மொழிபெயர்ப்பை ஒரு காதால் கேட்டுக்கொண்டே இருங்கள். பிழை என்றால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். முக்கியமாக, பாதிக் கதையைச் சொன்னால் வெல்லலாம் என்று அன்பானவர்களே சொல்வார்கள். முழுவதையும் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் மலர் ரெயினர்ஸ் லேனில் ஒரு கடைக்கு மேலே தையல் வகுப்புத் தொடங்கினாள். திறந்த அன்று போனேன். ஊர்ப் பெண்கள், இரண்டு சோமாலிப் பெண்கள், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு வாத்தியார் அம்மா. சங்கு ஊதவில்லை, நாடா வெட்டவில்லை. மலர் கதவுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, நிறையப் படி எடுத்து ஒரு தட்டில் வைத்திருந்தாள். குங்குமத்துக்குப் பக்கத்தில் அந்தத் தட்டு. வந்த ஒவ்வொரு பெண்ணும் ஒரு திறப்பு எடுத்துக்கொண்டாள்.

"இனி ஆர் வந்து பூட்டினாலும்," என்றாள் மலர், "ஆரோ ஒருத்தி வந்து திறப்பாள்."

என் திறப்பு இப்போதும் பாரிசில், என் வீட்டுத் திறப்புக் கோர்வையில்தான் கிடக்கிறது.